மேயர் இல்லாத மேரி

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைத் தாண்டித் தெற்கே நடந்தால், கப்ஸ் கோயில் என்ற மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம் கடலைப் பார்த்து நிற்கிறது. ஊர்க்காரர்கள் அதை மேரி என்பார்கள். பக்கத்தில் மாதா கோயில் இருப்பதால், கன்னி மேரியின் பெயர் என்று வெளியூர்க்காரர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. பிரெஞ்சில் மேரி என்றால் மேயரின் அலுவலகம். மேயரை இங்கே 'மேர்' என்று அழைத்த தலைமுறை இன்னும் முழுதாக மறைந்துவிடவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த அந்தக் கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று, மழைக்காலத்தில், சரிந்து விழுந்தது. பழைய அச்சு மாறாமல் உலக வங்கி நிதியில் மறுபடி கட்டினார்கள். 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமர் மோடி புதுச்சேரிக்கு வந்து அதைத் திறந்துவைத்தார். அன்று மேரிக்குள் உட்கார ஒரு மேயரோ, நகரமன்றத் தலைவரோ, ஒரே ஒரு கவுன்சிலரோகூட ஊரில் இல்லை. சொல்லப்போனால் முதலமைச்சரும் இல்லை. மூன்று நாள் முன்புதான் நாராயணசாமி பதவி விலகியிருந்தார். குடியரசுத் தலைவர் ஆட்சி நடைமுறைக்கு வந்ததும் மேரி திறந்த அதே நாளில்தான்.

முதலமைச்சர் இல்லாத குறை இரண்டரை மாதத்தில் தீர்ந்தது. தேர்தல் வந்தது, ரங்கசாமி வந்தார். மற்றக் குறையைக் குறை என்று சொல்லவே ஊரில் ஆள் இல்லை. அதுதான் இங்கே பேசவேண்டிய விஷயம்.

புதுச்சேரியில் டீக்கடையில் கேட்டாலும் கட்சி அலுவலகத்தில் கேட்டாலும் ஒரே பதில் வரும். இந்தக் கையகல ஊருக்கு முப்பது எம்.எல்.ஏ. இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முப்பதாயிரம் சொச்சம் வாக்காளர்கள். வீட்டு வாசலில் பைக்கில் வந்து நிற்கிறார், கல்யாணத்துக்கு வருகிறார், காதுகுத்துக்கு வருகிறார், சாவுக்கு முதல் ஆளாக மாலையோடு நிற்கிறார். தமிழ்நாட்டில் ஒரு கவுன்சிலர் செய்கிற வேலையெல்லாம் இங்கே எம்.எல்.ஏ. செய்கிறார். அப்புறம் கவுன்சிலர் எதற்கு, சேர்மன் எதற்கு? இன்னும் ஒரு தேர்தல், இன்னும் ஒரு சண்டை, இன்னும் ஒரு கூட்டம் கமிஷன் கேட்டு நிற்கும். இருப்பது போதும்.

இந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. புதுச்சேரி எம்.எல்.ஏ. அளவுக்கு வாக்காளரின் பெயர் தெரிந்த எம்.எல்.ஏ. இந்தியாவில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். கெட்ட எண்ணத்தோடு சொல்லப்படும் வாதமும் அல்ல இது. படித்தவர்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், நல்ல மனிதர்கள் சொல்வது. அதனாலேயே இது இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கிறது. ஆனால் இதன் ஒவ்வொரு அடுக்கையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் மிஞ்சுவதில்லை.

முதலில் ஊரின் அளவு. ஒன்றியப் பகுதி முழுவதும் சேர்ந்து 500 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் என்பது சரி. 2011 மக்கள்தொகைக் கணக்கில் 12,47,953 பேர். ஆனால் அது ஒரே இடத்தில் இல்லையே. மாஹே 600 கிலோமீட்டருக்கு அப்பால் கேரளக் கரையில் இருக்கிறது. ஏனாம் 800 கிலோமீட்டருக்கு அப்பால் கோதாவரிக் கரையில் இருக்கிறது. மாஹேக்காரருக்கு மலையாளத்திலும் ஏனாம்காரருக்குத் தெலுங்கிலும் புகார் சொல்லவேண்டும். அவர்களுக்குச் சட்டமன்றத்தில் ஆளுக்கு ஓர் உறுப்பினர்தான். அவர் கூட்டத்தொடருக்காகப் புதுச்சேரி வந்துவிட்டால் அங்கே தெருவைப் பார்ப்பவர் மண்டல நிர்வாகி, அதாவது அனுப்பிவைக்கப்பட்ட ஓர் அதிகாரி. பிரெஞ்சுக்காரன் காலத்திலும் அப்படி ஒரு நிர்வாகி இருந்தார். ஆனால் அப்போது அவருக்கு எதிரே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மேரும் உட்கார்ந்திருந்தார்.

புதுச்சேரி நகராட்சியில் மட்டும் 2011இல் 2,44,377 பேர். ஒட்டியிருக்கும் உழவர்கரை நகராட்சியில் 3,00,104 பேர். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று ஆட்டோக்காரருக்கே தெரியாத அளவுக்கு இரண்டும் ஒரே ஊர். கூட்டினால் ஐந்தரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. சின்ன ஊர் என்ற பேச்சை இங்கேயே நிறுத்திவிட்டுப் பக்கத்துக் கடலூருக்குப் போய்ப் பார்க்கலாம். அதே கணக்கெடுப்பில் அங்கே இருந்தது 1,73,636 பேர். 2021இல் மாநகராட்சி ஆனது. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து, மார்ச்சில் சுந்தரி ராஜா மேயர் ஆனார். அந்த மேயர் தேர்வில் திமுகவுக்குள்ளேயே ஒரு போட்டி வேட்பாளர் கிளம்பி, ஊரே பேசும்படி இழுபறி நடந்தது. சண்டைதான். ஆனால் சண்டை முடிந்தபோது கடலூருக்கு ஒரு மேயர் இருந்தார்.

இன்னும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் இருக்கும் சந்திரநாகூர். புதுச்சேரியும் அதுவும் ஒரே பிரெஞ்சுத் தாயின் பிள்ளைகள். 1949 ஜூன் 19 அன்று அங்கே வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவோடு இணைய 7,473 பேரும், எதிர்த்து 114 பேரும் வாக்களித்தார்கள். 1954இல் அது மேற்கு வங்காளத்தோடு சேர்ந்தது. புதுச்சேரி நகராட்சியைவிடச் சிறிய ஊர், இரண்டு லட்சம் பேர்கூட இல்லை. அங்கே மாநகராட்சி இருக்கிறது, 2022 பிப்ரவரி 12 அன்று தேர்தல் நடந்தது, மேயரும் இருக்கிறார். பெரிய மாநிலத்தில் கரைந்துபோன தம்பிக்கு மேயர் இருக்க, தனி அடையாளம் வேண்டும் என்று தனித்து நின்ற அண்ணனுக்கு இல்லை.

அடுத்தது எம்.எல்.ஏ.வே கவுன்சிலர் என்ற பேச்சு. இதில்தான் விஷயமே இருக்கிறது.

எம்.எல்.ஏ.வின் வேலை சட்டம் இயற்றுவது, வரவுசெலவைக் கேள்வி கேட்பது, அமைச்சரை நிறுத்திவைத்துக் கணக்குக் கேட்பது. அவரே தெருவிளக்குக்கும் வாய்க்காலுக்கும் அமைச்சர் வீட்டு வாசலில் போய் நிற்பவராக இருந்தால், மறுநாள் சபையில் எப்படி நிமிர்ந்து கேள்வி கேட்பார்? சின்ன சபை இது. இரண்டு மூன்று பேர் முகம் திருப்பினால் ஆட்சி இல்லை. 2021 பிப்ரவரியில் ஊர் அதைக் கண்ணால் பார்த்தது. இப்படிப்பட்ட சபையில் ஒவ்வொரு உறுப்பினரின் கோபத்துக்கும் விலை உண்டு. அந்த விலை பல சமயம் தார்ச்சாலையாகவும் எல்இடி விளக்காகவும் தீர்க்கப்படுகிறது. எந்தத் தொகுதியில் எந்தத் தெரு முதலில் போடப்படும் என்பதைக் குழியின் ஆழம் தீர்மானிப்பதில்லை. உறுப்பினர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் தீர்மானிக்கிறது.

வாசலில் வந்து நிற்கும் எம்.எல்.ஏ. என்ற படம் அழகானது. ஆனால் அவர் கொண்டுவருவது உரிமையாக வருவதில்லை, தயவாக வருகிறது. 'அண்ணே, எங்க தெருவுக்குக் கொஞ்சம் பாருங்கண்ணே' என்று கேட்கிறோம். அவரும் பார்க்கிறார். கவுன்சிலர் இருக்கும் ஊரில் அதே வேலைக்கு நகரமன்றக் கூட்டம் உண்டு, தீர்மானம் உண்டு, எந்த வார்டுக்கு எவ்வளவு என்று பதிவேடு உண்டு, எதிர்த்துப் பேச எதிர்க்கட்சிக் கவுன்சிலர் உண்டு. அந்தக் கூட்டத்தில் கத்தலும் நாற்காலி தூக்கலும் நடக்கும்தான். ஆனாலும் கணக்கு வெளியே வரும். புதுச்சேரி நகராட்சியில் அந்தக் கூட்டமே இல்லை. ஆணையர் கோப்பில் கையெழுத்திடுகிறார், உள்ளாட்சித் துறை ஒப்புதல் தருகிறது. ஊர் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்கிறது.

கிரண் பேடி துணைநிலை ஆளுநராக இருந்தபோது வாரக் கடைசிக் காலைகளில் சைக்கிளில் கிளம்பி வாய்க்காலையும் குப்பையையும் பார்வையிட்டது நினைவிருக்கும். சிலர் கைதட்டினார்கள், சிலர் கிண்டலடித்தார்கள். இரு தரப்பும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. தில்லி நியமித்த ஆளுநர் வந்து சாக்கடை அடைப்பைப் பார்க்கவேண்டிய நிலை ஏன் வந்தது? காலி நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பதால்தான்.

2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையின் விஷவாயு கழிவறை வழியாக வீடுகளுக்குள் புகுந்து, ஒரு பள்ளி மாணவி உட்பட மூன்று பேர் உயிரிழந்தார்கள். கவுன்சிலர் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்வது மலிவான பேச்சு. அப்படிச் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது வேறு. அந்தத் தெரு உழவர்கரை நகராட்சியில் இருக்கிறது, பாதாளச் சாக்கடை பொதுப்பணித் துறையின் கையில் இருக்கிறது, வீடு கட்ட அனுமதி தருவது நகரமைப்புக் குழுமம். மூன்று அலுவலகங்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, 'என் வார்டில் என்ன நடந்தது, சொல்லுங்கள்' என்று கேட்க, அந்தத் தெருவுக்கு என்றே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் இல்லை. அதே ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ரெயின்போ நகரில் படகு விட்டார்கள். எந்த வாய்க்கால் எங்கே அடைத்துக்கொள்ளும், எந்த வீட்டில் நடக்கமுடியாத கிழவி இருக்கிறாள் என்று தெரிந்தவர் வார்டு ஆள்தான். எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி தெரியும். வார்டு வேறு.

பெரிய மார்க்கெட் விவகாரமும் இப்படித்தான். குபேர் அங்காடியை ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் இடித்துக் கட்டப்போவதாக அறிவித்தபோது வியாபாரிகள் எதிர்த்துப் போராடினார்கள். 2017இல் புதுச்சேரி ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் சேர்ந்தது. திட்டத்தை நடத்தியது அதற்கென்று தொடங்கிய ஒரு கம்பெனி. அங்காடி நகராட்சியின் சொத்து. அதில் தினமும் தராசு பிடிக்கும் மீன்காரம்மா, பூக்காரர், வாழையிலைக்காரர் யாரிடம் போய்ப் பேசுவது? நகராட்சிக்கு ஒரு தலைவர் இருந்தால் அவர் சட்டையைப் பிடிக்கலாம். கம்பெனிக்கு ஏது சட்டை?

தேர்தல் வந்தால் ஊர் கெடும் என்பது மூன்றாவது பேச்சு. இதைச் சொல்பவர்களிடம் வரலாறு இருக்கிறது, ஒப்புக்கொள்ளவேண்டும். 1880 மார்ச் 12 ஆணைப்படி பிரெஞ்சிந்தியாவில் நகரசபைகள் வந்தன. முதலில் பத்து கொம்யூன்கள், அதாவது நகரசபை வட்டாரங்கள்; 1907க்குப் பிறகு பதினேழு. ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், உள்ளூர்க்காரருக்கு வேறு பட்டியல் என்று வாக்காளர்களைப் பிரித்துவைத்திருந்தார்கள். ஒரு பட்டியலில் சில நூறு பேர், மறு பட்டியலில் ஆயிரக்கணக்கானோர், ஆனால் உறுப்பினர் எண்ணிக்கையோ கிட்டத்தட்டச் சமம். நாடு சண்முகம் என்ற சண்முக வேலாயுத முதலியார் இருபதாண்டுக்கு மேல் ஊர் அரசியலை விரலசைவில் வைத்திருந்தார். அவருக்குப் பின் ஆங்ரி கேப்ளே 1908 முதல் 1928 வரை மேராக இருந்தார். தேர்தல் நாளில் தடியும் கள்ள வாக்கும் புழங்கின. 1914இல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கான புதுச்சேரித் தொகுதியில் போல் ரிஷார் என்ற பிரெஞ்சுக்காரர் நின்று படுதோல்வி அடைந்தார். அந்தத் தேர்தலில் வாக்குகள் எப்படி இடம் மாறின என்று அரவிந்தர் தன் கடிதங்களில் எழுதியிருக்கிறார். 1948 அக்டோபரில் நடந்த நகரசபைத் தேர்தலில் முறைகேடு என்று இந்திய அரசே குற்றம் சாட்டியது.

அத்தனை அழுக்கும் உண்மை. அந்த அழுக்குக் குளத்திலிருந்துதான் 1954 வந்தது என்பதும் உண்மை. அந்த ஆண்டு மார்ச்சில் புதுச்சேரியும் சுற்றுக் கொம்யூன்களும் இந்தியாவோடு இணையவேண்டும் என்று நகரசபைகளில் தீர்மானம் போட்டன. அக்டோபர் 18 அன்று கீழூரில் ஒரு கொட்டகையில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் பொதுமக்கள் அல்லர். பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர். 170 பேர் இந்தியா என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது.

சந்திரநாகூரில் ஊரே வாக்களித்தது. புதுச்சேரியில் ஊருக்காகக் கவுன்சிலர்கள் வாக்களித்தார்கள். கவுன்சிலரின் குரல் மக்களின் குரல்தான் என்று நேரு அரசும் பாரிஸும் ஒருசேர ஒப்புக்கொண்டன. ஒவ்வொரு ஆகஸ்ட் 16 அன்றும் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றுகிறோம். வாக்களித்தவர்களின் பெயர் பொறித்த கல்லுக்கு முன்னால் நிற்பவர்களில் சட்டமன்ற உறுப்பினர் உண்டு, அதிகாரி உண்டு. அந்த 178 பேரில் பெரும்பாலோர் வகித்த பதவியை இன்று வகிப்பவர் மட்டும் அங்கே இல்லை.

பெரிய மார்க்கெட்டின் பெயரில் இருக்கும் குபேரையே எடுத்துக்கொள்ளலாம். முதலில் பிரெஞ்சுக்காரர் பக்கம், பிறகு இந்தியா பக்கம் என்று அவர் சாய்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். 1961இல் புதுச்சேரி மேர், 1963இல் முதலமைச்சர். மேரியிலிருந்து சட்டமன்றத்துக்கு நடந்துபோகும் வழி அப்போது திறந்திருந்தது. தமிழ்நாட்டில் 1996இல் சென்னை மேயராக ஆனவர் 2021இல் முதலமைச்சர் ஆனார். புதுச்சேரியில் அந்த வழி 1968 நகரசபைத் தேர்தலோடு அடைபட்டது. 1973இல் புதுச்சேரி நகராட்சிச் சட்டம் வந்து மேர் போய்ச் சேர்மன் வந்தார். அதாவது சட்டத்தில் வந்தார், நாற்காலிக்கு வரவில்லை. 38 ஆண்டு கழித்து, வழக்குகளுக்குப் பிறகு, 2006இல் ஒரு தேர்தல். 2011இல் பதவிக்காலம் முடிந்தது. மறுபடி அதிகாரிகள். 1968க்குப் பின் ஒரே ஒரு உள்ளாட்சித் தேர்தலைப் பார்த்த ஊர், தேர்தல் வந்தால் கெட்டுப்போவோம் என்று பயப்படுகிறது.

வாக்குத் திருட்டு, இழுபறி, வழக்கு எல்லாம் மேயர் தேர்தலோடு வருபவைதான். அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊர், புதுச்சேரி நகராட்சியைவிடச் சிறியது. 2023 செப்டம்பரில் மேயர் வேட்பாளருக்கான ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் பதவியில் இருந்த ஜோ கானிம் 251 வாக்கில் ஜான் கோம்சை வென்றார். தபால் வாக்குகளைப் பெட்டியில் கட்டுக்கட்டாகத் திணிக்கும் காணொளி வெளியானது. நீதிபதி முடிவை ரத்து செய்தார். அதற்காக இனி பிரிட்ஜ்போர்ட்டுக்கு மேயரே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, மறுபடி வாக்கெடுக்கச் சொன்னார். 2024 ஜனவரியில் மறு வாக்கெடுப்பு நடந்து கானிமே வென்றார்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம், இன்னொரு ஒன்றியப் பகுதியான சண்டிகரைப் பார்த்தால் போதும். 2024 ஜனவரி 30 மேயர் தேர்தலில் தேர்தல் நடத்திய அதிகாரி எட்டு வாக்குகளைச் செல்லாது என்று ஒதுக்கி, 16க்கு 12 என்று பாஜக வேட்பாளரை அறிவித்தார். வாக்குச்சீட்டில் அவரே பேனாவால் குறியிட்டது கேமராவில் பதிவாகியிருந்தது. உச்ச நீதிமன்றம் சீட்டுகளை வரவழைத்துப் பார்த்து, பிப்ரவரி 20 அன்று அந்த எட்டையும் செல்லும் என்று அறிவித்து, ஆம் ஆத்மியின் குல்தீப் குமாரை மேயர் ஆக்கியது. முப்பத்தாறு வாக்குள்ள தேர்தலுக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் அத்தனை நேரம் செலவிட்டது. சண்டிகருக்குச் சட்டமன்றமே கிடையாது, அதனால் அங்கே மேயர் தேவை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். தமிழ்நாட்டுக்குச் சட்டமன்றம் இருக்கிறது, 25 மாநகராட்சிகளும் இருக்கின்றன.

இனி நான்காவது பேச்சு. இது மற்றவற்றைவிடக் கனமானது, இதில் கேலிக்கு இடமில்லை. 2021 செப்டம்பரில் மாநிலத் தேர்தல் ஆணையர் ராய் பி. தாமஸ் உள்ளாட்சித் தேர்தலை மூன்று கட்டமாக அறிவித்தார். வார்டு ஒதுக்கீட்டில் குளறுபடி என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அக்டோபரில் பிற்படுத்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இருந்த ஒதுக்கீடு இல்லாமல் புது அறிவிப்பு வந்தது. கட்சிகள் கொதித்தன, மறுபடி நீதிமன்றம், மறுபடி தடை. பிற்படுத்தப்பட்டோர் கணக்கை எடுக்க ஓய்வுபெற்ற நீதிபதி சசிதரன் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. சமூக நீதி இல்லாமல் தேர்தல் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பெரியார் பேர் சொல்லும் மண்ணில் அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு விடையும் உண்டு. ஆணையம், புள்ளிவிவரம், மொத்தத்தில் ஐம்பது விழுக்காட்டு வரம்பு என்ற மூன்று நிபந்தனையை 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு மகாராஷ்டிர வழக்கில் அழுத்திச் சொன்னது. 2022 மே மாதம் மத்தியப் பிரதேச வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: கணக்கெடுப்பு முடியவில்லை என்பதைக் காட்டித் தேர்தலைத் தள்ளிப்போட முடியாது. அரசியலமைப்பின் 243-யு பிரிவு நகராட்சிக்கு ஐந்தாண்டு, அதற்கு மேல் ஒரு நாள் இல்லை என்கிறது. 243-இசட்பி பிரிவு ஒன்றியப் பகுதிகளுக்கும் அதைப் பொருத்துகிறது. 2011இல் முடிந்த பதவிக்காலத்துக்கு 2021இல் கணக்கெடுப்பு தொடங்குவதை அவசரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் தேர்தல் நடத்தச் சொன்னபிறகு ஊரில் நடந்தது என்ன? தேர்தல் ஆணையரை நியமிப்பது அமைச்சரவையா ஆளுநரா என்ற மல்லுக்கட்டு.

சமூக நீதியின் பெயரால் தேர்தலைத் தள்ளிப்போட்டதில் பிற்படுத்தப்பட்டவருக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. பட்டியல் சாதியினருக்கும் கிடைக்கவில்லை. பெண்களுக்கு என்ன ஆனது? 2021 அறிவிப்பின்படி ஐந்து நகராட்சித் தலைவர், 116 நகராட்சி உறுப்பினர், 108 கொம்யூன் பஞ்சாயத்து உறுப்பினர், 108 கிராமப் பஞ்சாயத்துத் தலைவர், 812 கிராமப் பஞ்சாயத்து உறுப்பினர் என்று மொத்தம் 1,149 பதவிகள். மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றால் 383. அதே ஆண்டு சட்டமன்றத்துக்குத் தேர்வான முப்பது பேரில் பெண் ஒரே ஒருவர், நெடுங்காடு சந்திர பிரியங்கா. எம்.எல்.ஏ. போதும் என்று சொல்கிறவர் இந்தக் கணக்கை மனைவியிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம்.

எதிர்த்தரப்பு வாதத்தை மறுக்கும் அவசரத்தில் நம் தரப்பிலும் ஓட்டை வாதங்கள் புழங்குகின்றன. உள்ளாட்சித் தேர்தல் நடத்தாததால் நிதி ஆணையத்தின் கோடிகள் பறிபோகின்றன என்று மேடையில் பேசுகிறார்கள். மாநிலங்களுக்கு அது பொருந்தும். ஒன்றியப் பகுதி மத்திய நிதி ஆணையத்தின் பங்கீட்டுக்குள் வராது. நல்ல வழக்குக்குப் பொய்ச்சாட்சி தேவையில்லை. அதேபோல இரண்டு நகராட்சியையும் இணைத்து மாநகராட்சி ஆக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சும் அவ்வப்போது எழுகிறது. ஆக்கட்டும். மேயர் என்ற பழைய பட்டம் திரும்பி வந்தால் மேரிக்கும் அழகுதான். ஆனால் தேர்தல் இல்லாத மாநகராட்சிக்கும் தேர்தல் இல்லாத நகராட்சிக்கும் பெயர்ப்பலகை எழுதும் ஓவியருக்குத்தான் வித்தியாசம்.

தேர்தலுக்கு ஊர் தயாராக இல்லை என்று யாராவது சொன்னால், ஏனாமை நினைவுபடுத்தலாம். 2021இல் ரங்கசாமி தட்டாஞ்சாவடியிலும் ஏனாமிலும் நின்றார். ஏனாமில் ஒரு சுயேச்சை இளைஞரிடம் 655 வாக்கில் தோற்றார். ஒரு தெருவின் வாக்கு முதல்வர் வேட்பாளரையே சாய்க்கும் அளவுக்கு எண்ணி வாக்களிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள். ஒரு சேர்மனைத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் போய்விடுமா?

இன்னொரு காட்சியும் இந்த ஊரில்தான் உண்டு. 2022 ஏப்ரலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக்காரர்கள், பலர் வேட்டி கட்டிக்கொண்டு, இங்கேயே வாக்குச்சாவடிக்குப் போய் பிரான்சின் அதிபரைத் தேர்ந்தெடுக்க வாக்களித்தார்கள். மக்ரோனா லு பென்னா என்று கடற்கரையில் விவாதம் நடந்தது. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எலிசே மாளிகையில் யார் உட்காரவேண்டும் என்று சொல்லும் உரிமை புதுச்சேரித் தெருவில் சிலருக்கு இருக்கிறது. நாலு தெரு தள்ளியிருக்கும் மேரியில் யார் உட்காரவேண்டும் என்று சொல்லும் உரிமை அந்தத் தெருவில் ஒருவருக்கும் இல்லை.

2006 தேர்தலின்போது பதினேழு வயது என்பதால் வாக்களிக்க முடியாமல் போனவருக்கு இப்போது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் பலமுறை விரலில் மை வைத்துக்கொண்டார். தன் தெருவுக்கு ஒருமுறைகூட இல்லை. அவரும் அவரைப் போன்றவர்களும் இனி வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், எந்தக் கட்சியானாலும் சரி, சால்வையையும் துண்டறிக்கையையும் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்கவேண்டும்: அண்ணே, எங்க வார்டு நம்பர் என்ன?